ராயல் எங்கக்கா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில், கோவளம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் இன்னொரு புல்லட் வந்து நின்றது. புத்தம் புதுசு, ஹேண்டில்பாரில் பூஜை போட்ட மாலை இன்னும் முழுசாகக் காயவில்லை. முன் மட்கார்டில் சின்னதாக ஒரு பிரிட்டிஷ் கொடி ஸ்டிக்கர். ஓட்டி வந்த பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராக என் வண்டியிடம்தான் வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான், குனிந்து எஞ்சினைப் பார்த்தான், கிக்கரைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது உண்மையான ஆசை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் டேங்கைப் பார்த்துவிட்டுக் கேட்டான், "ராயல் எங்கக்கா?"

என் வண்டி டேங்கில் 'ராயல் என்ஃபீல்ட்' என்று இருக்காது, இரண்டு பக்கமும் 'என்ஃபீல்ட்' என்று மட்டும்தான் இருக்கும். 1982-ஆம் வருஷத்து வண்டி. அந்தக் காலத்தில் வந்ததெல்லாம் அப்படித்தான், 'ராயல்' தொண்ணூறுகளில்தான் திரும்பி வந்தது என்று சொன்னேன். "அப்ப இது ஒரிஜினல் இல்லையாக்கா? லண்டன்ல செஞ்சது இல்லையா?" என்றான். "இல்லப்பா, திருவொற்றியூர்ல செஞ்சது" என்றேன். "ஓ" என்றான். அவ்வளவுதான். மரியாதையாகச் சிரித்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த 'ஓ' வீடு வரைக்கும் என்னோடு வந்தது, இன்னும் போகவில்லை. அவன் ஓட்டி வந்த வண்டியும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ இருக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். அது தெரிந்தும் மனசுக்குள் ஒரு லண்டனை வைத்துக்கொண்டுதான் அதை வாங்கியிருக்கிறான். அந்த லண்டனை அவனுக்குக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோரும்தான்.

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னையில், திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில். ஒரு பக்கம் எம்.ஆர்.எஃப்., ஒரு பக்கம் விம்கோ தீப்பெட்டி, ஒரு பக்கம் என்ஃபீல்ட். ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஹைரோடு முழுக்க சைக்கிள்தான், மணி அடித்துக்கொண்டே போவார்கள். எங்கள் தெருவிலேயே என்ஃபீல்டில் வேலை பார்த்தவர்கள் நாலைந்து வீடு இருந்தார்கள். அவர்கள் யாரும் தாங்கள் செய்வது ஒரு பிரிட்டிஷ் வண்டி என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கம்பெனி வண்டி" என்பார்கள். அவ்வளவுதான் பேரு.

ஊசி ஊர், துப்பாக்கிப் பேரு

'ராயல்' எங்கே என்று கேட்டானே, அதிலிருந்தே தொடங்குகிறேன். அது எந்த ராஜாவும் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரெடிட்ச் என்று ஒரு ஊர், நம்மூரில் சிவகாசிக்குத் தீப்பெட்டி எப்படியோ அப்படி அந்த ஊருக்கு ஊசி. அங்கே ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் தொடங்கிய ஊசிக் கம்பெனி பின்னாளில் சைக்கிள் பக்கம் திரும்பி, பணமுடையில் சிக்கி, 1891-ல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இரண்டு பேர் கைக்குப் போனது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்ட் என்ற இடத்தில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று இருந்தது, ராயல் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரி என்று பேரு. அதற்குப் பாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் இவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் சைக்கிளுக்கு என்ஃபீல்ட் என்று பேரு வைத்தார்கள், 1893-ல் முன்னால் ராயலையும் சேர்த்துக்கொண்டார்கள். 'துப்பாக்கி போலச் செய்தது' என்ற விளம்பர வாசகம் அந்த உறவில் வந்ததுதான். முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல். புல்லட் என்ற பேரு முப்பதுகளின் தொடக்கத்தில். இன்றைக்கு நாம் புல்லட் என்றதும் கண்ணில் வரும் உருவம், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த அந்த 350, நாற்பதுகளின் கடைசியில் வந்தது. கையும் நெருப்பும் தெரிந்த தொழிலாளிகளின் ஊர் அது, திருவொற்றியூர் மாதிரியே. அரண்மனை வாசனை அதில் எங்கேயும் கிடையாது.

இந்தப் பக்கம், மெட்ராஸ் மோட்டார்ஸ் 1949-லிருந்து அந்த வண்டியை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராணுவம் எல்லைக் காவலுக்கு நூற்றுக்கணக்கில் புல்லட் கேட்டது. தாங்குகிறது, பழுது பார்க்கச் சுலபமாக இருக்கிறது என்பதுதான் காரணம், இந்த இரண்டாவது காரணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன். 1955-ல் ரெடிட்ச்சும் மெட்ராஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா. அடுத்த வருஷம் திருவொற்றியூரில் தொழிற்சாலை திறந்தது. இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி அந்த வருஷம் முடிவதற்குள் 163 வண்டிகள். அப்புறம் ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யப் பழகி, 1962 வாக்கில் வண்டி முழுக்க இங்கேயே ஆனது. சரியாக அந்தச் சமயத்தில்தான் அங்கே புல்லட் நின்றுபோனது. அங்கே ஆட்கள் இன்னும் வேகமான வண்டி கேட்டார்கள், சின்னக் கார் வாங்கினார்கள், ஜப்பான் வண்டிகள் வந்தன. 1967-ல் ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் என்ற ஊரில் நிலத்தடியில் நடந்துகொண்டிருந்த மிச்சசொச்ச வேலையும் முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1901-லிருந்து 1970 வரை இங்கிலாந்து 69 வருஷம் இந்தக் கம்பெனி வண்டிகளைச் செய்தது. 1955-ல் கூட்டுச் சேர்ந்ததிலிருந்து மெட்ராஸ் எழுபதைத் தொட்டாயிற்று, இன்னும் நிற்கவில்லை. இதை யாரும் எந்த ஸ்டிக்கரிலும் போட்டு நான் பார்த்ததில்லை.

1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. அப்பா ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் சரக்கை எண்ணி எழுதுவதுதான் வேலை. மரப்பெட்டிக்குள் புல்லட் போவதைத் தன் கையாலேயே கணக்கெழுதியிருப்பதாகச் சொல்வார். அதைச் சொல்லும்போதெல்லாம் "பொண்ணு பொறந்த வீட்டுக்குப் போகுது" என்பார். வாழ வந்த வீட்டில் குடித்தனம் நடத்தி, பெரியவளாகி, பிறந்த வீட்டைப் பார்த்துவர ஒரு நடை போவது மாதிரி. எனக்கு இந்த விஷயத்தில் இதைவிடச் சரியான பேச்சு வேறு எதுவும் கிடைத்ததில்லை.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். புல்லட்டை நாம் பாசத்தால் காப்பாற்றி வைத்தோம் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. முப்பது நாற்பது வருஷம் அது மாறாமல் இருந்ததற்குக் காரணம், மாற வேண்டிய அவசியம் வரவில்லை. வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாது, புதுசாக ஒரு எஞ்சினை வரைந்து, அச்சு செய்து, மெஷின் வாங்கிப் போடுவதற்குப் பணமும் லைசென்ஸும் சுலபத்தில் கிடைக்காது. இருந்ததை வைத்துக்கொண்டு ஓட்டினோம். ராணுவமும் போலீஸும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்து, ஒரு லிட்டருக்குப் புல்லட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடின. அப்போது புல்லட் வைத்திருந்தவர்களைப் பார்த்து ஊரே பரிதாபப்பட்டது. அப்பா 1991-ல் இந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கினார் என்றால் அதற்குக் காரணமே அப்போது அது மலிவு என்பதுதான். ஆனால் இந்த மாறாமையால் யாரும் திட்டம் போடாத ஒரு விஷயம் நடந்துவிட்டது. நாடு முழுக்க ஒரே எஞ்சினை ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்துகொண்டார்கள். அது லடாக்கில் நின்றாலும் சரி, லால்குடியில் நின்றாலும் சரி.

முள்

அப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்ப்பதற்காகவே நான் காலையில் சீக்கிரம் எழுந்திருப்பேன். ஹெட்லைட்டுக்கு மேலே, ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஆம்பியர் மீட்டர் என்று ஒரு சின்ன வட்டம் இருக்கும், ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. சாவியைப் போட்டதும் அதற்குள் இருக்கும் முள் இடது பக்கம் கொஞ்சம் சாயும். பேட்டரியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் போகிறது, உள்ளே பாயிண்ட், அதாவது ஸ்பார்க்குக்கான சுவிட்ச், மூடியிருக்கிறது என்று அர்த்தம். அப்பா கிக்கரின் மேல் காலை வைத்து, மிதிக்காமல், மெதுவாக அழுத்துவார். எஞ்சின் உள்ளே சுற்றும். ஒரு இடத்தில் முள் சட்டென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது. அப்போது இடது கையால் அந்தக் குட்டி லிவரை, சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை வெளியே விடும் டிகம்ப்ரஸரை, இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு அங்குலம் அழுத்துவார். 'புஸ்' என்று ஒரு மூச்சு வரும். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் மிதி. முழு மிதி, பாதியில் நிறுத்தாமல். சரியாகச் செய்தால் ஒரே மிதியில் எடுக்கும், செய்யாவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். எனக்குப் பதினேழு வயதில் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு அடி விழுந்தது. நான்தான் முள்ளைப் பார்க்காமல் மிதித்தேன். ஒரு வாரம் நொண்டினேன். அம்மா வண்டியை விற்கச் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டு, மிதிக்க விடாமல், அந்த முள் நடுவுக்கு வருவதை மட்டும் ஐம்பது தடவை பார்க்க வைத்தார்.

அந்த முள்ளைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எஞ்சின் மூடிய இரும்பு, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த வண்டி உள்ளே பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை வெளியே ஒரு முள்ளால் சொல்லிவிடுகிறது. சத்தமும் அப்படித்தான். புல்லட் சத்தம், புல்லட் சத்தம் என்று எல்லோரும் உருகுகிறோமே, அதிலும் மாயம் ஒன்றும் இல்லை. 70 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. அகலத்தைவிட உயரம் அதிகம், கூடவே கனமான ஃப்ளைவீல். அதனால் அவசரப்படாமல் சுற்றும். நின்ற இடத்தில் நிமிஷத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும், ஆக விநாடிக்கு ஏழு வெடிகூட இல்லை. காது அந்த வேகத்தில்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடிக்கிறது. எங்கள் தெருவில் வயசானவர் ஒருவர், என்ஃபீல்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், அப்பா வண்டி தெருமுனை திரும்பும்போதே "டேப்பட்டைப் பாரு" என்று திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார். அவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

பாய் கடையில் ஒரு நாள்

அப்பா 2012-ல் போய்விட்டார். வண்டி வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் அடியில் பதினோரு வருஷம் கிடந்தது. நான் கல்யாணமாகி வேளச்சேரி வந்துவிட்டேன், போகும்போதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். 2023-ல் ஒரு நாள், எலி வயரிங்கை மொத்தமாகக் கடித்துவிட்டது, எடைக்குப் போட்டுவிடட்டுமா என்று அம்மா போனில் கேட்டார். அடுத்த சனிக்கிழமையே ஒரு குட்டி யானை வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அப்பாவின் மெக்கானிக் அங்கேதான் இருந்தார், எழுபதை நெருங்கிவிட்டார். பாய் என்றுதான் அப்பா கூப்பிடுவார், நானும் அப்படியே. வண்டியைப் பார்த்ததும், "உங்கப்பா வண்டி இல்ல? இன்னாம்மா இப்டி வச்சிருக்க" என்றார். அவ்வளவுதான் அவர் திட்டியது. ஆனால் அது போதுமானதாக இருந்தது.

நான்கு சனிக்கிழமை நான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டரை மெதுவாக மேலே தூக்கியதும் பிஸ்டன் வெளியே தெரிந்தது, தலையில் கரி அப்பியிருந்தது. பாய் கெரசினில் நனைத்த பனியன் வேஸ்டை என் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். கரி போகப் போக அடியிலிருந்து ஒரு எண் எழும்பி வந்தது, 40. "பாரும்மா. நாப்பது சைஸு. ரெண்டு வாட்டி போர் அடிச்சிருக்கு. உங்கப்பா வாங்கறதுக்கு முன்ன ஒண்ணு. அப்பால தொண்ணூத்தாறுல நான் அடிச்சது." சிலிண்டர் தேய்ந்துபோனால் அதைக் கொஞ்சம் குடைந்து அகலமாக்கி, பெரிய சைஸ் பிஸ்டன் போடுவார்கள். இருபது, நாற்பது, அறுபது என்று படி இருக்கிறது. "இன்னும் ஒரு ஆயுசு இருக்கு" என்று சொல்லிவிட்டு சிலிண்டரை லேத் பட்டறைக்கு அனுப்பினார்.

பாயின் பையன் ஜி.பி. ரோட்டுக்குப் போய் அறுபது சைஸ் பிஸ்டன் வாங்கி வந்தான். நான் சும்மா இருக்காமல் பாயைக் கேட்க ஆரம்பித்தேன், இது எப்போது போட்டது, அது எப்போது போட்டது என்று. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வால்வு கைடு வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் கடைந்தது. கிளட்ச் பிளேட் இரண்டாயிரத்தில். பின் மட்கார்டு புதுப்பேட்டையில் வேறு ஒரு வண்டியிலிருந்து கழற்றியது. சீட்டும் அங்கேயே தைத்தது. கார்பரேட்டர் மாற்றியாயிற்று, சைலன்ஸர் மூன்று தடவை மாற்றியாயிற்று, ஸ்போக்ஸுக்குக் கணக்கே இல்லை. நான் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் 1982-ல் திருவொற்றியூர் கேட்டைத் தாண்டியபோது இருந்ததில் மிச்சம் என்று தேறியது சேஸிஸ், எஞ்சின் கேஸ், ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் அந்த மூடி, டேங்க், டூல்பாக்ஸ், அந்த ஆம்பியர் மீட்டர். மற்றதெல்லாம் இந்த ஊர் கொடுத்தது. ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் வியாசர்பாடியும் பழைய வண்ணாரப்பேட்டையும் நாற்பது வருஷமாக இந்த வண்டியைச் செய்துகொண்டே இருந்திருக்கின்றன. அன்றைக்கு இதை நான் ஒரு பட்டியலாகத்தான் பார்த்தேன். அந்தப் பையன் 'ஒரிஜினல்' என்ற வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அந்தப் பட்டியலில் என்ன எழுதியிருந்தேன் என்பதே எனக்குப் புரிந்தது.

எல்லாம் பூட்டிய பிறகு பாய் புஷ் ராடைக் காட்டினார். வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கம்பிகள். "வெரலால சுத்து" என்றார். சுற்றியது. "மேல கீழ ஆட்டு." ஆடவில்லை. "சரியா கீது" என்றார். அளக்கும் கருவி எதுவும் கிடையாது, கட்டை விரலும் ஆட்காட்டி விரலும்தான். அப்புறம் டைமிங், ஸ்பார்க் எந்த நொடியில் வர வேண்டும் என்ற கணக்கு. ஒரு சிகரெட் பாக்கெட்டைக் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளித்தாளை ஒரு பட்டையாகக் கிழித்து, பாயிண்டின் இரண்டு பற்களுக்கு நடுவில் வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். அவர் எஞ்சினை மயிரிழை மயிரிழையாகச் சுற்றினார். "லேசா இழுத்துகினே இரு, எப்ப வருதோ அப்ப சொல்லு." தாள் வரவில்லை, வரவில்லை, இறுக்கிப் பிடித்திருந்தது. திடீரென்று வழுக்கிக்கொண்டு என் கையோடு வந்துவிட்டது. "வந்துருச்சு பாய்!" என்று கத்திவிட்டேன். பிஸ்டன் உச்சிக்கு ஒரு இழை முன்னால் வந்து நிற்கும் நொடி அது. அந்த இடத்தில் ஸ்க்ரூவை முடுக்கினார். அப்பா ஐம்பது தடவை எனக்குக் காட்டிய முள் நடுவுக்கு வரும் அதே நொடியை, இப்போது உள்ளேயிருந்து, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்திருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாய் பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மிதியில் எடுத்தது. அன்று சாயங்காலம் திருவொற்றியூர் வரைக்கும் முப்பதுக்கு மேல் போகாமல் ஓட்டிக்கொண்டு போனேன், புது பிஸ்டன் பழக வேண்டும் என்பதால். தெரு திரும்பும்போது அம்மா வாசலில் இருந்தார். கேட்டில் ஒரு கதவைத்தான் நாங்கள் பதினோரு வருஷமாகத் திறந்துகொண்டிருந்தோம், ஆள் போகவர அது போதும். வண்டி நுழைய இரண்டாவது கதவும் திறக்க வேண்டும். அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சத்தம் கேட்டதும் வெளியே வந்து அம்மா ஒரு கல்லால் அந்தத் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

புது வண்டி

பழசுதான் உசத்தி, புதுசெல்லாம் போலி என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் கம்பெனி கடந்து வந்ததை மறந்துவிடுகிறார்கள். 1994-ல் ஐஷர் குழுமம் கையில் எடுத்த பிறகும் 2000 வாக்கில் மாதம் 2,000 வண்டிதான் விற்றுக்கொண்டிருந்தது, மூடிவிடலாமா என்ற பேச்சே வந்தது. ஐஷர் முதலாளியின் மகன் சித்தார்த்த லால் அப்போது இருபதுகளில் இருந்தார், பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய் அலுமினியம் வந்தது, வலது காலில் இருந்த கியர் இடது காலுக்குப் போனது, பட்டன் ஸ்டார்ட் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய ஆட்கள் அழுதோம். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக அந்த எஞ்சின் எப்படியும் போயிருக்கும், அதுதான் நிஜம். 2009-ல் கிளாசிக் என்ற புது மாடல் வந்து எல்லாம் தலைகீழானது. 2014-ல் ஒரு வருஷத்தில் 3 லட்சம் வண்டி, 2024-25 நிதியாண்டில் 10 லட்சம். திருவொற்றியூர் போதாமல் ஒரகடமும் வல்லம் வடகாலும் எழுந்தன. டேங்கில் தங்கக் கோடு போடுவதற்கு மட்டும் இன்னும் தூரிகை பிடித்த கை இருக்கிறது. ஒரே இழுப்பில், தடுமாறாமல், டேங்கின் வளைவோடு போகும் கோடு. கிட்டப் போய்ப் பார்த்தால் முடிகிற இடத்தில் தூரிகை மெல்லத் தூக்கியது தெரியும்.

என் சித்தி பையனிடம் 2023 மாடல் புல்லட் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். 349 சிசி, அதிர்வே இல்லை, பிரேக் பிடித்த இடத்தில் நிற்கிறது, மழையில் ஜிஎஸ்டி ரோட்டில் போக எனக்குக் கொடுத்தால் அதைத்தான் எடுப்பேன். அதில் ஆம்பியர் மீட்டர் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் அதை ஓட்டிவிட்டு இறங்கியபோது எனக்கு ஒன்று விளங்கியது. அதைச் செய்கிறவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான், எங்கள் தெருவில் இருந்தவர்களின் பிள்ளைகளோ பேரன்களோ அதில் இருக்கலாம், அப்படியிருந்தும் வாங்குகிறவனுக்கு அவர்கள் கை தெரிவதில்லை. பழைய வண்டியில் அது தானாகவே தெரிந்தது, ஏனென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பாய் கடையில் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். புது வண்டியில் உட்கார வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனால் காலியான அந்த இடத்தில்தான் ஒரு கொடி ஸ்டிக்கர் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அந்தப் பையனிடம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்றுதான் எனக்கு வருத்தம். முள்ளைக் காட்டியிருக்கலாம். மெதுவாக அழுத்தச் சொல்லி, அது நடுவுக்கு வருவதைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஆசையோடு வந்தவன் அவன், நிச்சயம் நின்று பார்த்திருப்பான்.

போன வாரம் ஆயில் மாற்றப் பாய் கடைக்குப் போனபோது இதைச் சொன்னேன். அவர் பையன், "ராயல்னு ஸ்டிக்கர் ஜி.பி. ரோட்ல கெடைக்குதுக்கா, வாங்கியாரட்டா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இரண்டு கடை தள்ளி நம்பர் பிளேட் எழுதுகிறவர் இருக்கிறார், இன்னும் பிரஷ்ஷால் எழுதுகிறவர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், டூல்பாக்ஸ் மூடியில் தமிழில் 'திருவொற்றியூர்' என்று எழுதித் தரச் சொன்னேன். டேங்கில் இருக்கும் கோட்டின் அதே தங்க நிறத்தில். அவர் மூடியைக் கழற்றி மடியில் வைத்து ஸ்கேலால் அளந்தார். பேரு நீளம், இடம் கம்மி, 'திரு'வை மேலே தனியாகப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம், ஒரே வரியாக வரட்டும், எழுத்து சின்னதானாலும் பரவாயில்லை என்றேன். சாக்பீஸால் ஒருமுறை எழுதிப் பார்த்தார், கடைசி 'ர்' விளிம்பில் இடித்தது, துடைத்துவிட்டு மறுபடி கொஞ்சம் நெருக்கி எழுதினார். இரண்டு நாள் காய வேண்டும், அதுவரைக்கும் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். புதன்கிழமை போய் வாங்க வேண்டும்.